பெருநோய்க்காலமும் பெருந்துறை வழிபாடும்

உயிர் அறிவுடைய பொருளாயினும், அனாதியே ஆணவ மலத்தாற் பிணிப்புண்டு தன்னையும் தன் தலைவனையும் அறியாது கிடத்தலின், அவ்விருள் நீங்கி உய்தற்பொருட்டு இறைவன் அதற்குத் தனு கரண புவன போகங்களைப் படைத்தளித்தனன் என்பது சைவசித்தாந்தத் துணிபு. ஆகவே, உடம்பு வெறுத்து எறியத்தக்க குப்பையன்று. பிறவிக்கடலைக் கடத்தற்கு இறைவன் இரவலாகத் தந்த தோணியாம். தோணியில் துளை விழுந்தபோது அதனை அடையாது, கடவுளையே வாளா கூவிக்கொண்டிருப்பவனும் கரைசேரான்; துளையடைப்பதொன்றே தொழிலாகக் கொண்டு, போகவேண்டிய கரை எதுவென்பதை மறந்தவனும் கரைசேரான். திருமூலதேவ நாயனார், உடம்பை இழிந்ததென்று எண்ணியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டிருத்தலைக் கண்டபின் அதனைப் பேணத் தலைப்பட்டதாகத் திருமந்திரத்துள் அருளிச்செய்ததும் இக்கருத்துப்பற்றியே என்க.

தனியொருவரைப் பற்றும் நோய் ஒருவகை. ஊர்முழுதையும் ஒருங்கே பற்றும் கொள்ளைநோய் மற்றொருவகை. முன்னையதில் நோயாளி வருந்துவர்; சுற்றத்தார் தேற்றுவர். பின்னையதிலோ தேற்றுவாரும் அஞ்சுவர். அண்டை வீட்டாரே கூற்றுவனாகத் தோன்றுவர். அத்தகைய காலத்து இறைவழிபாடு யாது செய்யும்? வழிபாடிருக்க மருந்தும் காப்பும் வேண்டா என்பர் ஒருசாரார். மருந்திருக்க வழிபாடு எற்றுக்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விருவர் கூற்றும் சைவப் பெரியோர் நெறியன்று என்பது வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு இனிது விளங்கும்.

கொடிமாடச் செங்குன்றூர் நிகழ்ச்சி

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்த சுவாமிகள் அடியார் கூட்டத்தோடு கொங்கு நாட்டுத் தலங்களை வணங்கிவருங்கால், இந்நாளில் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு என வழங்கும் கொடிமாடச் செங்குன்றூரிற் சிலநாள் தங்கினர். அப்பொழுது பனிக்காலம் வந்தது. உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அவர்கள் அதனைப் பிள்ளையாரிடம் விண்ணப்பிக்க, அவர் திருநீலகண்டத் திருப்பதிகத்தை அருளிச்செய்தனர், சுரம் நீங்கிற்று. இவ்வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்துள் விரித்துரைத்தனர். இன்றும் சுரநோய் கண்ட இல்லங்களிற் சைவ நன்மக்கள் வியாழக்குறிஞ்சிப் பண்ணிலமைந்த அத்திருப்பதிகத்தை ஓதுதல் வழக்கமாம்.

இந்நிகழ்ச்சியிற் கருதத்தக்கன சில உள. முதலாவது, அச்சுரம் அந்நிலத்துக்கும் அப்பருவத்துக்கும் இயல்பாக வருவதென்றே புராணம் கூறுகின்றது. ஒரு குலத்தாரையோ ஒரு சமயத்தாரையோ சுட்டி, இவரால் வந்தது என்று பழிக்கவில்லை. நோய்க்கு இயற்கைக் காரணம் உண்டென ஒப்புவது இறையுணர்வுக்கு இழுக்காகாது என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, நோயுற்றாரைப் பிள்ளையார் விட்டு நீங்கவில்லை. அவர்தம் துயரைத் தம் துயராகக் கொண்டனர்.

மூன்றாவது, அப்பதிகத்தின் கருத்து. முன்செய்த வினைக்கு ஈடாகத் துன்பம் வருமென்று வாயாற் சொல்லிக்கொண்டே, அதினின்றும் கரையேறும் வழியை ஆராயாமல் அமர்ந்திருத்தல் குறையன்றோ என்று பிள்ளையார் தம்மவரை இடித்து வினவுகின்றனர். கைகளாற் பணிசெய்து ஈசன் திருவடியைப் போற்றும் துணிவை எடுத்துரைக்கின்றனர். அன்றியும், இளகிய நெஞ்சத்தோடு சோலை வளர்த்தலையும் குளங்கள் பல அகழ்தலையும் அப்பதிகத்திலேயே அறமாக வைத்துப் பாடுகின்றனர். சுரம் தீரப் பாடிய பாட்டினுள் குளமும் சோலையும் வந்தது தற்செயலன்று. நல்ல நீரும் நல்ல நிழலும் ஊராரின் உடல்நலத்துக்கு அடிப்படையாதலை யார் மறுப்பர்?

ஈண்டு வினைக்கொள்கை பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். பிராரத்த வினை நுகர்ந்தே தீரற்பாலது என்னும் உண்மை, தனக்கு வந்த துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உதவும் ஊன்றுகோலாம். அதனைப் பிறர் முதுகில் வீசும் பிரம்பாக்குதல் பெருந்தவறு. நோயுற்றானை நோக்கி, இது நின் வினைப்பயன் என்பவன் சித்தாந்தம் கற்றவனல்லன். அதன் சொற்களை மட்டும் கற்றவன். பிறர் நோய் கண்டவிடத்து நமக்கு விதிக்கப்பட்டது இரக்கமே.

குளமும் வேம்பும்

வழிபாட்டிடமும் மருத்துவமும் ஒன்றையொன்று பகைத்த வரலாறு தமிழ்நாட்டில் இல்லை. வீரராசேந்திர சோழன் காலத்து (1063-1070) எழுந்த திருமுக்கூடற் கல்வெட்டு, அவ்வூர்ப் பெருமாள் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை நடந்ததைக் குறிக்கின்றது. மருத்துவர் ஒருவரும், சல்லியக் கிரியை செய்வார் ஒருவரும், மருந்துச் சரக்குக் கொணர்வாரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் அங்கு நியமிக்கப்பெற்றிருந்தனர். இரவெல்லாம் எரியும் விளக்குக்கும் நிவந்தம் இருந்தது. கோயில் நிவந்தத்தில் மருந்தும் ஒரு பகுதியாயிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனிப் புதுக்கோட்டைச் சீமையை நோக்குவோம். இது 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் வரையிற் தொண்டைமான் மன்னர் ஆட்சியில் இருந்து, பின் இந்திய நாட்டோடு இணைந்து, 1974-ல் தனி மாவட்டமாயிற்று. பேராறு பாயாத வானம்பார்த்த பூமியாதலின், இங்குள்ளார் மழைநீரைத் தேக்கும் ஏரி, குளம், ஊருணிகளையே நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தோடு வாந்திபேதியும் வந்து எண்ணிறந்தோரை மாய்த்தது. பஞ்சத்தின் முடிவில், 1878-ல், புதுக்கோட்டைத் திவானாக அமர்ந்தவர் சேஷைய சாஸ்திரியார். அவர் நகரின் குளங்களைத் தூர்வாரிச் செப்பனிடுவித்தனர். வாந்திபேதி மாசுற்ற நீரால் பரவுவதென்பதை இலண்டன் மாநகரில் 1854-ல் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் ஆராய்ந்து காட்டியிருந்தார். அவ்வாராய்ச்சி கூறிய அறமும், சம்பந்தப் பிள்ளையார் குளந்தொட்டலை அறமாகப் பாடியதும் ஒரே குளக்கரையில் வந்து கூடின என்றால் மிகையாகாது.

அம்மைநோயின் வரலாறு இதனினும் தெளிவானது. நார்த்தாமலை, கொன்னையூர் முதலிய ஊர்களில் எழுந்தருளிய மாரியம்மையை இச்சீமை மக்கள் தாயென்றே வழிபட்டு வருகின்றனர். அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவர். அதனைக் கண்டார் உள்ளே புகார். அவ்வீட்டாரும் பிறர்மனை செல்லார். விருந்து விழாக்களிற் கலவார். நோயாளியைத் தனியே கிடத்தி, தூய ஆடை விரித்து, வேப்பங்குழையால் வருடி, குளிர்ந்த உணவளிப்பர். நோய் இறங்கியபின் வேம்பும் மஞ்சளும் இட்ட நீராட்டுவர். அஞ்சத்தக்க நோயைத் தாயின் வருகையாகக் கொண்டமையால், நோயாளி இழிவுக்கு ஆளாகவில்லை, தனித்திருந்தும் தள்ளப்பட்டிலர். காப்பும் அன்பும் பக்தியின் பெயரால் ஒருங்கே நடந்தன.

எனினும், பெரியம்மையை வேரோடு களைந்தது எது? ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் 1796-ல் கண்ட அம்மைப்பால் குத்தும் முறையே. 1975-க்குப் பின் இந்தியாவிற் பெரியம்மை இல்லை. 1980-ல் உலக முழுதும் அது ஒழிந்ததென உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது. நோய் ஒழிந்தும் நார்த்தாமலைத் தேர் நின்றதா? இல்லை. நோய்க்கு அஞ்சியே மக்கள் அம்மையை வணங்கினரெனின், அச்சம் போனவுடன் வழிபாடும் போயிருக்கவேண்டும். அவ்வாறு போகாமையின், மக்கள் அவளிடம் நாடியது நோய்நீக்கம் ஒன்றேயன்று, தாய்மையும் நாடினர் என்பது தேற்றம்.

அடைத்த கதவு

1918-ல் பரவிய விடசுரம் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது. அதற்கு நூறாண்டு கழித்து உலகைப் பற்றியது கொரோனாத் தொற்று. 2020 மார்ச்சு 11-ல் அது உலகப் பெருநோயென அறிவிக்கப்பட்டது. அத்திங்களிலேயே தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் அன்பர் புகுதல் நிறுத்தப்பெற்று, நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. பங்குனி சித்திரைத் தேர்கள் நிலைபெயரவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளிலேதான் பெருங்கோயில்கள் மீண்டும் அன்பருக்குத் திறந்தன. இரண்டாம் அலை எழுந்தபோது, 2021 ஏப்பிரல் 26-ல் மீண்டும் கதவடைத்து, சூலை 5-ல் திறந்தன. இந்தியாவில் இந்நோயால் இறந்தாராக அரசுக் கணக்கிற் பதிந்தோர் 5 இலக்கத்துக்கு மேற்பட்டவர்.

கோயிற்கதவு அடைபட்டமை பலர் நெஞ்சை வருத்தியது. நாடோறும் சந்நிதி கண்டு உண்ணும் நியமம் பூண்ட முதியோர் தெருவில் நின்று கோபுரத்தைத் தொழுது மீண்டனர். துன்பக்காலத்துப் புகலிடமாவதே கோயில். அப்புகலிடமே அடைபட்டால் எங்குச் செல்வது என்று கலங்கினர். அக்கலக்கத்துக்கு விடை புதுக்கோட்டை மாவட்டத்திலேயே உள்ளது.

அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே உள்ள ஆவுடையார்கோயில், மாணிக்கவாசக சுவாமிகளைக் குருந்தமரத்து நிழலிற் குருவாய் வந்து இறைவன் ஆட்கொண்ட திருப்பெருந்துறையாம். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆட்சியிலுள்ள அத்திருக்கோயிலிற் கொடிமரம் இல்லை, பலிபீடம் இல்லை, நந்தி இல்லை. கருவறையில் ஆவுடையார் மட்டும் உண்டு. அதன்மேல் இலிங்கத் திருமேனி இல்லை. சுவாமி திருநாமம் ஆன்மநாதர். அம்பிகை யோகாம்பிகைக்கும் திருவுருவம் இல்லை. திருவடியையே கற்பலகணி வழியாகக் கண்டு தொழுவர். புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கப் பரப்பிப் படைப்பர். எழும் ஆவியே நிவேதனமாம். விழாவில் உலாவருபவரும் மாணிக்கவாசகரே. அடியாரையே ஆண்டவனாகக் காட்டும் தலம் அது.

நோயற்ற நாளிலும் அங்குச் சென்றார் கண்ணாற் காண்பது வெற்றிடமே. கண்ணுக்குக் காட்டாது மறைத்தமை, உயிர்க்குயிராய் உள்ளே நிற்பவனை உள்ளத்தே காண் என்று உணர்த்தற்பொருட்டேயாம். ஆன்மநாதர் என்னும் திருநாமமும் அதனையே சொல்லும். எனின், 2020-ல் கதவடைபட்ட கோயில்முன் நின்று கலங்கினாருக்குப் பெருந்துறை பன்னூறாண்டுக்கு முன்னரே விடை பகர்ந்துவிட்டது. உருவத்தைக் காண இயலாத நாளிலும் இறைவன் காணாமற் போகான்.

இதுகொண்டு கோயில் வேண்டா என்பது கருத்தன்று. சிவாசாரியர் உலகநலங் கருதிக் கோயிலிற் செய்யும் பூசை பரார்த்தம். தீக்கை பெற்றார் தம் இல்லத்திற் செய்வது ஆன்மார்த்தம். கதவடைத்த காலத்தும் கோயில்களிற் பரார்த்த பூசை நின்றிலது. அன்பர் கூட்டமின்றியே அருச்சகர் காலந்தோறும் நீராட்டி அமுதூட்டி வந்தனர். 2020 மே 4-ல் மதுரை மீனாட்சியம்மை திருக்கல்யாணம் சிவாசாரியர் சிலரைக் கொண்டே நிகழ, மக்கள் தத்தம் இல்லத்திருந்தே ஒளிபரப்பிற் கண்டு தொழுதனர். பரார்த்தம் உலகுக்காக நடந்தது. மறந்துபோன ஆன்மார்த்தத்தை வீடுதோறும் நினைவூட்டியது அக்காலம்.

எண்மலர்ப் பூசை

சென்னைக்கு மேற்கேயுள்ள திருநின்றவூரிற் பொருளின்மையாற் கற்கோயில் எடுக்க இயலாத பூசலார் நாயனார், நாளும் நினைந்து நினைந்து மனத்திலே கோயில் எடுத்தனர். காஞ்சியிற் கற்றளி எடுத்த பல்லவ மன்னன் கனவில் இறைவன் தோன்றி, பூசலார் எடுத்த ஆலயத்துட் புகும் நாள் நாளையாதலின் நின் குடமுழுக்கைப் பின்னொருநாள் வைத்துக்கொள் என்றருளினன் என்பது பெரியபுராணம். கதவடைபட்ட காலத்துச் சைவர்க்கு இந்நாயனாரினும் சிறந்த வழிகாட்டி யார்?

மனத்தே செய்யும் பூசைக்கும் முறை உண்டு. இதயத்தைப் பூசைத்தானமாகவும், கொப்பூழை ஓமத்தானமாகவும், புருவநடுவைத் தியானத்தானமாகவும் கொண்டு செய்வது அகப்பூசை. அதற்குரிய மலர்கள் எட்டு: கொல்லாமை, இரக்கம், ஐம்பொறியடக்கல், பொறை, தவம், வாய்மை, அன்பு, அறிவு என்பன. இவற்றை வாயாற் சொல்லிப்போவது எளிது. பெருநோய்க்காலமோ ஒவ்வொரு மலரையும் கையிற் கொடுத்து, இதனைச் சாத்துக என்றது.

தன் மூச்சாலும் பிறர் மாய்தல் கூடும் என அறிந்து, முகத்தை மறைத்துக் கூட்டத்தைத் தவிர்த்து இல்லிற் றங்கியவன் கொல்லாமை மலர் சாத்தினான். வேலையிழந்தாருக்குச் சோறு கொண்டுபோனவன் இரக்கமலர் சாத்தினான். விரும்பிய விழாவையும் விருந்தையும் விலக்கியவன் ஐம்பொறியடக்கினான். தனியறையிற் பதினான்கு நாள் முணுமுணுப்பின்றிக் கிடந்தவன் பொறையும் தவமும் சாத்தினான். தனக்கு நோய்க்குறி உண்டென்பதை மறையாது உரைத்தவன் வாய்மைமலர் சாத்தினான். நோயாளரிடை நின்று பணிசெய்த செவிலியர் அன்பு மலர் சாத்தினர். வதந்தியை விலக்கி மருத்துவர் சொற்கேட்டு, 2021 சனவரி 16 முதல் நாட்டில் இடப்பெற்ற தடுப்பூசியைத் தன் முறை வந்தபோது இட்டுக்கொண்டவன் அறிவு மலர் சாத்தினான். மலர்க்கடைகள் மூடிக்கிடந்த நாளிலும் இம்மலர்களுக்குக் குறைவில்லை.

இனி, இவ்வழிபாடு உடலுக்கு யாது நன்மை பயக்கும் எனின், கூறுதும். பொழுதறிந்து எழுதல், நீராடல், திருநீறணிதல், திருமுறை ஓதல், அளவறிந்து உண்டல் என்னும் நியமங்கள், நாளும் கிழமையும் மயங்கிக் கிடந்த ஊரடங்கு நாளில் மனத்துக்கு ஒரு கட்டுக்கோப்பை அளித்தன. பண்ணோடு ஓதுங்கால் மூச்சு மெல்ல நீண்டு வெளிப்படும். அவ்வாறு நெடிதாய் விடும் மூச்சு நெஞ்சத் துடிப்பைத் தணித்துப் பதற்றத்தைக் குறைக்குமென்பதை இக்கால மருத்துவரும் ஒப்புவர். எனினும் நோய்க்கிருமியைக் கொல்வது மூச்சடக்கமோ மந்திர செபமோ என்று சொல்லி மருந்தை விலக்குதல் ஆகாது. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவான் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தை முடித்தனர். பதிகம் ஓதுவது அந்நான்கிற்கும் உயிரூட்டுவது, நான்கிலொன்றை நீக்குவதன்று.

இறந்தோரும் இருந்தோரும்

வழிபாட்டின் உண்மையான சோதனை சாவின் முன்னரே நிகழும். 2020 ஏப்பிரலிற் சென்னையில், அந்நோயாலேயே உயிர்துறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கஞ் செய்யவொட்டாது ஒரு கூட்டம் கல்லெறிந்து தடுத்தது. தடுத்தாரும் நாடோறும் ஏதேனும் ஒரு தெய்வத்தைத் தொழுதவராகவே இருந்திருப்பர். அச்சம் உள்ளத்தைக் கவ்வியபோது அத்தொழுகை அவர்க்குத் துணைவரவில்லை. நோயுற்றாரைத் தம்மவராகக் கொண்ட கொடிமாடச் செங்குன்றூர் எங்கே, இது எங்கே! வழிபாடு நோய் வாராமற் காத்ததா என்பது மட்டுமே கேட்கத்தக்க வினாவன்று. நோய் வந்தபோது நம்மை மக்களாக வைத்திருந்ததா என்பதே அதனினும் பெரிய வினா.

ஊரடங்கிற் சாவுச்சடங்குக்கு இருபதின்மர்க்கு மேற் கூடலாகாது என்னும் விதி இருந்தது. தந்தையின் முகத்தைக் கடைசியாகக் காணாத மக்களும், தாய்க்கு வாய்க்கரிசி இடப்பெறாத மக்களும் பலர். கடமை தவறினேமே என்னும் முள் அவர் நெஞ்சில் இன்றளவும் தைத்திருத்தல் கூடும். அவர்க்குச் சைவநூல் கூறும் ஆறுதல் இது: உயிர் நீங்கிய உடலருகே நின்றமை நில்லாமை பற்றி அன்பு அளக்கப்படுவதில்லை. ஆன்மநாதன் அவ்வுயிரோடு உடனிருந்தான். உயிர்பிரியும் வேளையிற் சிவபுராணம் ஓதுதல் தமிழ்நாட்டுச் சைவர் வழக்கம். அச்சிவபுராணம் பெருந்துறையில் அருளப்பெற்றது. அன்று மருத்துவமனை வாயிலில் ஓத இயலாதார், இன்று இல்லத்தில் விளக்கேற்றி ஓதினும் அது காலங்கடந்ததாகாது. இறைவனுக்குக் காலம் இல்லை.

துயரைத் தொண்டாக மாற்றுதல் மற்றொரு வழி. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை நெஞ்சிற் சுமந்திருந்து, 1954-ல் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவ நிலையம் தொடங்கச் செய்தார். ஒரு தங்கைக்குச் செய்ய இயலாததைப் பல்லாயிரவர்க்குச் செய்தமை, கையாற் பணிசெய்து துன்பத்தினின்றும் கரையேறுதலன்றோ?

பெருநோய்கள் இனியும் வரும். வரும்போது குளத்தைத் தூர்வாருக, மருந்தை உண்க, மருத்துவர் சொற்கேட்க, நோயுற்றாரை வெறாதொழிக. கோயில் திறந்திருப்பின் சென்று தொழுக. அடைத்திருப்பின் அகத்தே எண்மலர் சாத்துக. உருவின்றி நிற்கும் பெருந்துறை ஆன்மநாதன் திருவருள், அடைத்த கதவுகளுள்ளும் அடையாத உள்ளங்களுள்ளும் ஒருங்கே விளங்குவதாக.

திருச்சிற்றம்பலம்